கை நடுங்கினால் பரவாயில்லை

விபத்துக்குப் பிறகு பிரித்துப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. எது இவர், எது தலையில் பட்ட அடி, எது மாத்திரை? மூன்றும் ஒரே உடம்பில் இருந்துகொண்டு ஒரே குரலில் பேசின.

பள்ளிபாளையத்தில் இவர் தறி மெக்கானிக். இரவு வேலை முடிந்து பைக்கில் வந்தவரை ஒரு வேன் தட்டிவிட்டுப் போனது. மூளையின் முன்பக்கத்தில் ரத்தம் கட்டி ஆபரேஷன் நடந்தது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியிருந்தது. தாலிக்கொடியை அடகு வைக்காமல் அந்த இரண்டு நாளைத் தாண்டினோம். ஆள் வீடு வந்து சேர்ந்ததும் கண்டம் கழிந்தது என்றார்கள் ஊரில்.

தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு வலிப்பு வராமலிருக்க முதல் ஒரு வாரம் மருந்து கொடுப்பது வழக்கம். இவருக்கு அந்த வாரமெல்லாம் கடந்து, வீட்டுக்கு வந்தபிறகு வந்தது. அப்படித் தாமதித்து வருகிற வலிப்பு மறுபடியும் வரக்கூடியது, மாத்திரை வருஷக்கணக்கில் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

முதலில் பெனிடாயின். 1938இலிருந்து வலிப்புக்குக் கொடுத்துவரும் மருந்து, விலையும் குறைவு. 300 மில்லிகிராமிலும் வலிப்பு எட்டிப் பார்த்ததால் 400 ஆக்கினார்கள். கொஞ்ச நாளிலேயே இவர் தெருவில் தள்ளாட ஆரம்பித்தார். எதிரே வருகிற வண்டி இரண்டாகத் தெரிந்தது. நாக்கு குழறியது. “பொழச்சு வந்தும் குடிய உடல பாருங்க” என்று தறிக்குடோன் வாசலில் பேசியது என் காதுக்கே வந்தது. இவர் குடித்ததே இல்லை. ரத்தத்தில் 20க்குள் இருக்க வேண்டிய மருந்தின் அளவு 30ஐ நெருங்கியிருந்தது. இந்த மருந்தைச் சிதைக்கிற ஈரலின் சக்திக்கு ஓர் எல்லை உண்டாம். அதைத் தொட்டபின் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் தாறுமாறாக ஏறிவிடுமாம். குறைத்ததும் தள்ளாட்டம் நின்றது. ஆனால் ஈறு வீங்கி வீங்கிப் பல்லை மூட வந்தது. அதுவும் மாத்திரையின் வேலைதான்.

மாற்றிக் கொடுத்தது லெவிடிராசெட்டம். நடை நேரானது, ஈறு வற்றியது, வலிப்பும் இல்லை. கோபம் வந்தது.

பெரிய காரணம் எதுவும் வேண்டாம். டம்ளர் உருண்டால் போதும், சோற்றுத் தட்டு சுவரில் மோதும். ஒருநாள் பென்சில் கேட்டுப் பக்கத்தில் நின்ற பையன்மேல் கையை ஓங்கிவிட்டார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். “எனக்கே என்னன்னு தெரியல அம்மணி. வந்துட்டா நிறுத்த முடியல.”

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. காத்துக் கருப்பு என்று அத்தை எலுமிச்சம்பழம் மந்திரித்து வந்தார். தலையில அடிபட்டா அப்படித்தான் என்றார் கொழுந்தனார். ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும், அனுசரிச்சுப் போ என்றாள் என் அம்மா. மூன்றில் எதை ஒப்புக்கொண்டாலும் டாக்டரிடம் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

தறிக் கணக்கு எழுதுகிற நோட்டில் பின்பக்கமிருந்து எழுத ஆரம்பித்தேன். என்று எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், அன்று வீட்டில் என்ன நடந்தது. எழுத எழுத ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இருபது வருஷம் தறிச் சத்தத்தில் தூங்கியவருக்கு இப்போது பக்கத்து வீட்டுத் தறி ஓடினாலே தலை பிளக்கிறது. அது ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்தே இருப்பது, அடியால் வந்தது. இஸ்திரி போடாத சட்டையைத் தொட மாட்டேன் என்பது கல்யாணமான நாள் முதல் இருப்பது, அது இவரேதான். கோபம் மட்டும் புது மாத்திரைக்குப் பின் வந்து, அளவைக் கூட்டிய வாரம் அதுவும் கூடியிருந்தது.

அதுவரை செக்கப்பில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: வலிப்பு வந்துச்சா? இல்லைங்க. அடுத்த டோக்கன். அந்த முறை நோட்டை மேஜைமேல் வைத்தேன். டாக்டர் படித்துவிட்டு இவர் பக்கம் திரும்பி, “செத்துடலாம்னு தோணுதா?” என்று கேட்டார். இவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். பக்கத்திலேயே படுக்கிற எனக்கு அது தெரியாது.

மூளையில் அடிபட்டவர்களிடம் அந்த மருந்து மனசைக் கலைக்கிற வாய்ப்பு கூடுதல் என்றார். கோபத்துக்கு முன்மூளைக் காயமும் காரணமாக இருக்கலாம், மாற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இதை வாரவாரம் குறைத்து, வால்புரோயேட்டை மெல்ல ஏற்றினார்கள். அந்த வாரங்களில் இவரைத் தனியாக விடாமல் வீட்டில் யாராவது ஒருவர் கூடவே இருந்தோம்.

கோபம் பெருமளவு வடிந்தது. மிஞ்சியது அடியின் பங்கு என்று எடுத்துக்கொண்டோம். சாக நினைப்பது போய்விட்டதாக இவரே சொன்னார். பதிலுக்கு உடம்பு பருத்தது, முடி கொட்டியது, விரல்கள் நடுங்கின. ஸ்பேனர் பிடிக்க வருகிறது. அறுந்த பாவு இழையைப் பிணைக்க வரவில்லை, அதற்கு ஒரு பையனை வைத்துக்கொண்டார்; சம்பளத்தில் அவனுக்கும் ஒரு பங்கு போகிறது. வேறு மருந்து பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டபோது இவரே முந்திக்கொண்டார்: “வேண்டாமுங்க. கை நடுங்குனாப் பரவால்ல. கை ஓங்கக் கூடாது.”

பக்கவிளைவே இல்லாத மாத்திரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. எதைத் தாங்கிக்கொள்வது என்பதை நாங்களே பொறுக்கிக்கொண்டோம், அவ்வளவுதான். ஈரல் பரிசோதனைக்கு இப்போதும் போகிறோம். ஓபி வரிசையில் என்னைப்போல மாத்திரைச் சீட்டோடு உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் ஒன்று சொல்வேன்: வலிப்பு வந்துச்சான்னு கேட்டா, அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு எந்திரிச்சுராதீங்க. வீட்ல நடக்கறத நாமதான் பாக்கறோம். எழுதிக் கொண்டாந்து குடுங்க.