நிரப்பப்படாத ஒரு நிக்காஹ் படிவம்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் குடிபாலாவுக்குச் சென்றிருந்தபோது, எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர் பிளாஸ்டிக் உறையொன்றுடன் வீட்டுக்கு வந்தார். அதற்குள் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மணமுறிவின்போது எழுதப்பட்டது. மற்றொன்று, மகளின் திருமணத்திற்காக வாங்கிவந்த, இன்னும் நிரப்பப்படாத நிக்காஹ் படிவம். மணமகன் வீடு எல்லைக்கு அப்பால், வேலூர்ப் பக்கம்.

"தம்பி, நீ இந்தச் சட்டத்தைத்தானே படிக்கிறே? என் பொண்ணுக்கு இதுல என்னென்ன எழுதலாம்னு சொல்லு" என்றார்.

முஸ்லிம் மணச் சட்டத்தில் பெண்கள், குழந்தைகளின் உரிமைகள் குறித்து ஐந்து ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறேன். முக்கியமான தீர்ப்புகளைப் பத்தி எண்ணோடு சொல்ல முடியும். ஆனால், நிரப்பப்படாத ஒரு நிக்காஹ் படிவத்தை நான் கையில் வாங்கியது அன்றுதான் முதன்முறை.

இரண்டு காகிதங்களும் உருதுவில் இருந்தன. அக்கா வீட்டில் உருது பேசுபவர், படிக்கத் தெரியாதவர். மகள் தெலுங்கு வழியில் படித்தவள். ஆய்வுக்காகக் கற்றுக்கொண்ட உருதுவை வைத்துக்கொண்டு பழைய காகிதத்தை மெல்ல வாசித்தேன். அது குலா முறையில் நடந்த மணமுறிவு. மஹரை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி. அதன்கீழ், குழந்தையின் செலவுக்கு இனி எதுவும் கேட்பதில்லை என்று மற்றொரு வரி. அப்போது மகளுக்கு இரண்டு வயது.

மஹர் மனைவியின் உடைமை. குலாவின்போது அதை விட்டுக்கொடுப்பது வழக்கத்தில் உள்ளதே. இரண்டாவது வரி அப்படிப்பட்டதன்று. ஷா பானு வழக்கின் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து 1986இல் இயற்றப்பட்ட சட்டம், குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கான செலவை மட்டுமே தாய் கோரும் தொகையில் சேர்த்தது. அதைக் காட்டித் தந்தையர் சிலர் பொறுப்பிலிருந்து விலகப் பார்த்தனர். 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. குழந்தையைப் பராமரிக்கும் கடமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி தந்தைக்குத் தொடர்கிறது, மணமுறிவு அதைத் தீண்டாது என்றது. குழந்தைக்குரியதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு உரிமையில்லை. அக்கா கையெழுத்திட்டதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்ட தீர்ப்பு அது.

"அப்போ நான் கேட்டிருக்கலாமா?"

"கேட்டிருக்கலாம் அக்கா."

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எல்லை தாண்டி ஷூ கம்பெனிக்குப் பேருந்தில் போய்வந்து மகளை வளர்த்தவர். பிறகு பழைய காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டுப் புதிய படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

இஸ்லாமியத் திருமணம் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்பதாலேயே அதில் நிபந்தனைகளுக்கு இடமுண்டு. முதலில் மஹரைப் பற்றிச் சொன்னேன். உடனே தரவேண்டிய மஹரையும் பின்னர் தரவேண்டிய மஹரையும் குறிக்கும் சொற்கள் நம் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும்: முஅஜ்ஜல். முன்னதை எழுத 'ஐன்', பின்னதை எழுத 'ஹம்ஸா'. மனைவி கேட்டவுடன் பெறுவாளா, மணமுறிவோ மரணமோ வரும்வரை காத்திருப்பாளா என்பது அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. அடுத்து, மனைவியின் படிப்பு, இருப்பிடம், செலவு ஆகியவை பற்றிய நிபந்தனைகள். இறுதியாக, தலாக் சொல்லும் அதிகாரத்தைக் குறிப்பிட்ட சூழல்களில் மனைவிக்கே ஒப்படைக்கும் 'தஃப்வீழ்'. இது புதுமையன்று, இந்திய நீதிமன்றங்கள் நூறாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் நிக்காஹ் படிவத்தின் 18ஆவது பத்தி இதைத்தான் கேட்கிறது. அக்கா கொண்டுவந்த படிவத்தில் அப்படியொரு பத்தி இல்லை. 'இதர நிபந்தனைகள்' என்ற தலைப்பின்கீழ் இரண்டு வெற்று வரிகள் மட்டும் இருந்தன.

மணமகனின் தந்தை வந்தபோது நானும் உடனிருந்தேன். மஹரை உடனே தருவதற்கும், மகள் சித்தூரில் பி.எட். படிப்பை முடிப்பதற்கும் அவர் இசைந்தார். தஃப்வீழ் பற்றிச் சொன்னதும் முகம் மாறியது. "கல்யாணத்துக்கு முன்னாடியே தலாக்கைப் பத்திப் பேசறதா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்த நிபந்தனையை அவரே கைவிட்டார். வற்புறுத்தும்படி நான் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அந்த வரி இல்லாவிட்டாலும் அப்பெண் முற்றிலும் கைவிடப்பட்டவள் அல்லள். கணவன் இரண்டு ஆண்டுகள் பராமரிக்காவிட்டால் நீதிமன்றத்தில் மணமுறிவு கோர 1939ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்ணும் 125ஆம் பிரிவின்கீழ் பராமரிப்புக் கோரலாம் என 2024 ஜூலையில், தெலங்கானாவிலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் இவற்றுக்கெல்லாம் வழக்கறிஞரும், பணமும், பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். படிவத்தில் எழுத ஒரு பேனா போதும்.

நிக்காஹ் நாளில் மகள் தெலுங்கில் கையெழுத்திட்டாள். இலங்கையில் 1951இல் இயற்றப்பட்ட முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் கையெழுத்தைக் கட்டாயமாக்கவில்லை என்பதும், அதை மாற்றக் கோரி அங்குள்ள முஸ்லிம் பெண்கள் நெடுங்காலமாகப் போராடுவதும் அப்போது நினைவுக்கு வந்தன. படிவத்தின் ஒரு படியை அக்கா கேட்டு வாங்கி மகளிடமே கொடுத்தார். ஆந்திரத்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணம் பதிவும் செய்யப்பட்டது.

முத்தலாக் குறித்த 2017 தீர்ப்பையும் 2019 சட்டத்தையும் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். நம் ஆய்வுகள் பெரும்பாலும் மணம் முறிந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. இதைப் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் ஜமாஅத்தின் நிக்காஹ் படிவத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அது எந்த மொழியில் இருக்கிறது, நிபந்தனைக்கு எத்தனை வரி விட்டிருக்கிறது, மணப்பெண்ணுக்கு ஒரு படி தரப்படுகிறதா என்று எழுதுங்கள். தமிழிலும் தெலுங்கிலும் ஒரு மாதிரிப் படிவத்தை உருவாக்கும் பணியில் இறங்கியிருக்கிறேன். அக்காவுக்கு இன்னொரு மகள் இருக்கிறாள் என்று அல்ல; குடிபாலாவில் இன்னும் பல அக்காக்கள் இருக்கிறார்கள் என்பதால்.