வானமும் எம் வயலும்

உழவன் விதைக்குங்கால் வித்தினை மட்டுமா மண்ணில் இடுகின்றான்? கடனாகப் பெற்ற பொருளையும், இல்லத்தாரின் ஓராண்டு உணவையும், மக்களின் கல்வியையும் உடன் இடுகின்றான். இவற்றிற்கெல்லாம் பிணையாய் நிற்பது வானம் ஒன்றே. அவ்வானம் பொய்ப்பின் என் செய்வது? இவ்வினாவிற்கு எமது இல்லம் கண்ட விடையினை இம்மலர் வாயிலாக அன்பர்கட்குக் கூற விழைகின்றோம்.

எமது ஊர் காவிரியின் கடைமடையில் உள்ளது. 2016-ஆம் ஆண்டில் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. சம்பா நெல்லிற்கு உழவன் நூற்றுக்கு ஒன்றரை செலுத்தினாற் போதும். அஃதாவது 10,000 ரூபாய்க் காப்பிற்கு 150 ரூபாய். எஞ்சிய கட்டணத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். 2020 வரை, வங்கியிலோ சங்கத்திலோ பயிர்க்கடன் பெறாதார்க்கு மட்டுமே இஃது அவரவர் விருப்பமாயிருந்தது. எந்தையாரோ தனியாரிடம் வட்டிக்குப் பெற்றவர். "பெய்யாத மழைக்கும் வரியா?" என்று நகைத்தார். அன்னையார் மறுமொழி கூறாது, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, பால் விற்ற பணத்தைக் கட்டி வந்தார்.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை பாதியளவும் பெய்யவில்லை. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் அனைத்தும் வறட்சியுற்றவையென அரசு அறிவித்தது. எம் சம்பாப் பயிர் பூக்குமுன்னே கருகிற்று. பல திங்கள் கழித்தேனும் காப்பீட்டுத் தொகை வந்தது. கடனின் முதல் தீர்ந்தது. அது வாராதிருப்பின் நிலத்தில் ஒரு பகுதி கைமாறியிருக்கும். யாமும் இக்கல்லூரி வாயிலை மிதித்திரோம். அடுத்த ஆண்டு எந்தையார் தாமே சென்று கட்டினார்.

சில ஆண்டு சென்றபின், மற்றொரு சோதனை வந்தது. வாய்க்கால் நீர் எம் வயல்வரை எட்டவில்லை. ஆழ்குழாய்க் கிணறுடையார் நன்கு அறுத்தனர். எமக்குப் பதரே எஞ்சிற்று. ஆயினும் ஒரு காசும் கிட்டவில்லை. காரணம் வினவியபோது விளக்கினர்: ஊரில் சீட்டெடுத்தாற்போலத் தேர்ந்த சில வயல்களில், ஐந்து மீட்டர் சதுரம் அறுத்து நிறுப்பர், அதன் சராசரி, முன்னாண்டுகளைக் கொண்டு வகுத்த விளைச்சல் அளவிற் குறைந்தால் மட்டுமே, குறைந்த வீதப்படி ஊரார் அனைவர்க்கும் ஈடு உண்டு. அளவு 1,000 கிலோவாயிருந்து விளைந்தது 600 கிலோவாயின், நூற்றுக்கு நாற்பது கிடைக்கும். ஊர்ச் சராசரி குறையாவிடின் தனி வயலின் வறட்சி கணக்கில் ஏறாது.

"ஊர் விளைந்தால் என் வயிறு நிறையுமா?" என்று எந்தையார் கேட்டார். எம்மிடம் விடையில்லை. பின்னர் யாம் இதனை ஆராய்ந்தோம். ஒவ்வொரு வயலையும் தனித்தனியே மதிப்பிடப் பெரும் பொருள் செலவாகும். ஈடு கிட்டுமென்று பயிரைப் பேணாது விடுவாரும் உளராவர். இவ்விடரை 1915-ஆம் ஆண்டிலேயே உணர்ந்த மைசூர் ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பார், மழைமானி காட்டும் அளவைக் கொண்டே ஈடு வழங்கும் முறையினை வகுத்துரைத்தார். மழைமானி எவர்க்கும் ஓரஞ் சாயாது; ஆனால் அது நிற்குமிடம் வேறு, வயல் இருக்குமிடம் வேறு. கணக்கிடும் வட்டம் சுருங்கச் சுருங்கவே நீதி பெருகும். செலவும் உடன் பெருகும். இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவன் உழவன்.

"இனிக் கட்டேன்" என்று அன்றிரவு சினந்தார் எந்தையார். அன்னையார், "வரப்பு எல்லா வெள்ளத்தையும் தடுப்பதில்லை, அதற்காக வரப்பை வெட்டியா விடுகிறீர்கள்?" என்றார். அவ்வளவே. ஐப்பசி பிறந்ததும் எந்தையார் அடங்கலுடன் புறப்பட்டார்.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் உழவர் இல்லத்தினர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், கடைசி நாள் கடக்குமுன் பெற்றோர்க்குத் துணை நில்லுங்கள். புல எண்ணும் வங்கிக் கணக்கும் பிழையின்றிப் பதிவாயினவா என்று பாருங்கள்; இரசீதைப் பேணுங்கள். காப்பீடு மழையைத் தாராது; மழை பொய்த்த ஆண்டில் நிலம் கைமாறாது காக்கக்கூடும். எம் இல்லம் கண்டது இதுவே.