பாதியில் நின்ற நளினகாந்தி

அகம் குழுவின் ‘மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்’ பாட்டைச் சென்னையில் என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. பாட்டில் ஒரு குறையும் இல்லை. சானமாவுக் காட்டோரம் கேட்டுப் பழகிய பாட்டு அது. காட்டை எடுத்துவிட்டால் பாதிதான் மிஞ்சுகிறது.

அகம் பெங்களூருக் குழு. 2003-இல் தொடங்கியது. பகலெல்லாம் கணினி நிறுவன வேலை, அது முடிந்தால் கித்தார் என்று இருந்தவர்கள்தான் அதில் பெரும்பாலோர். முன்னால் நின்று பாடுபவர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். 2017-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது தொகுப்பில் இந்தப் பாட்டு இருக்கிறது. காணொலியோடு தனியாகவும் வந்தது. அடிப்படை தியாகராஜரின் ‘மனவ்யாலகிஞ்சரா’ என்ற தெலுங்குக் கீர்த்தனை, நளினகாந்தி ராகம். ‘கலைஞன்’ படத்தில் இளையராஜா ‘எந்தன் நெஞ்சில் நீங்காத’ பாட்டைப் போட்டதும் இந்த ராகத்தில்தான் என்றால் பலருக்குச் சட்டெனப் பிடிபடும். கீர்த்தனையை ராக்கில் போட்டால் கெட்டுவிடும் என்பவர்கள் உண்டு. எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. டிரம்ஸ் எவ்வளவு ஏறினாலும் ராகம் குலையாமல் நிற்கிறது.

அப்போது எனக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. செகண்ட் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் ராயக்கோட்டைச் சாலையில், சானமாவுக் காட்டு வழியாக வரும் கம்பெனி பஸ். இந்தப் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தவன் உத்தனப்பள்ளிக்காரன். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் பேசுகிறவன். “எங்க வீட்டுத் தெலுங்கு வேற மச்சி, ஆனா இவரு கெஞ்சுறது புரியுது” என்பான். எங்கள் பக்கத்தில் யாருக்கு எது தாய்மொழி என்று கேட்டுவிட்டுப் பழகும் வழக்கம் கிடையாது. பஸ் முழுக்கக் கேட்டது.

ராகி முற்றும் காலத்தில் யானைகள் வந்துவிடும். பன்னேர்கட்டாப் பக்கமிருந்து தளி, ஜவளகிரிக் காடுகள் வழியாகக் கூட்டங்கூட்டமாக இறங்கிச் சானமாவில் தங்கும். இருட்டியதும் கொல்லைகளுக்குள் புகும். வனத்துறைக்காரர்கள் டார்ச் காட்டி வண்டிகளை நிறுத்துவார்கள். டிரைவர் அண்ணன் பாட்டை அணைப்பார், பிறகு விளக்கை. கிளை முறியும் சத்தம் கேட்கும். தூரத்தில் பரண்மேல் இருந்து ஆட்கள் கத்துவதும் பட்டாசு வெடிப்பதும் கேட்கும். அந்தப் பரண்களில் ஒன்றில் அப்பா இருப்பார். விளைந்த ராகி வீடு வந்து சேரவேண்டும், யானைக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்கிறவர் அவர். யானைகள் கடந்துபோன பின் அண்ணன் பாட்டை விட்ட இடத்திலிருந்து ஓடவிடுவார். யாரும் பேசமாட்டோம். அப்போது கேட்ட நளினகாந்தியை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

சம்பளம் கூடுதல் என்று சென்னைப் பக்கம் ஒரகடம் வந்துவிட்டேன். இங்கே பாட்டு தடையில்லாமல் ஓடுகிறது. பஸ் நிற்கவேண்டிய இடம் வந்ததும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது, பாட்டு தன்பாட்டுக்குப் போய்விடுகிறது. நான் ஏங்குவது இசைக்காக மட்டும் இல்லை. வேலை முடிந்து களைத்த நாற்பது ஐம்பது பேர், ஒரு விலங்குக் கூட்டத்துக்கு வழிவிட்டு இருட்டில் அமைதியாக உட்கார்ந்திருந்தோமே, அந்த மரியாதைக்காக.

ஊருக்குப் போகும்போதெல்லாம் ராகி விளைந்த கொல்லைகளில் மனைக்கல் நட்டிருப்பதைப் பார்க்கிறேன். தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதில்தான் பிழைத்தேன், தங்கையின் கல்யாணத்தையும் முடித்தேன். ஆனால் யானைக்கு நம்மைப்போல் வேறு ஊருக்கு மாற்றல் வாங்க முடியாது. அதன் தடம் இதுதான்.

சானமாவுக் காட்டின் மறுபக்கம் தேசிய நெடுஞ்சாலையில், பேரண்டப்பள்ளி அருகே, லாரி மோதி ஒரு யானை செத்திருக்கிறது. இரவில் அந்த வழியாகப் பெங்களூர் போகிறவர்களே, அங்கே வேகத்தைக் குறையுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். வனத்துறைக்காரர் கைகாட்டினால், எவ்வளவு நேரமானாலும் நின்று போங்கள்.