வண்டியை நிறுத்தச் சொல்ல ஒரு கூச்சம்



போன வாரம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அது பஸ்ஸா, வீடா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இரண்டும்தான். அதற்குப் பெயர் மோட்டார் ஹோம். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது உங்களிடம் சொல்ல வேண்டிய இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மகள் குடும்பம் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். லீவு கிடைத்தால் காடு, மலை என்று போய் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வருவார்கள். 2019-ல் நானும் எங்கள் வீட்டுக்காரரும் முதல்முறை போனபோது அவர்களிடம் இருந்தது டிராவல் டிரெய்லர். 24 அடி நீளத்தில் சக்கரம் வைத்த ஒரு வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு, இன்ஜின் மட்டும் கிடையாது. நம்ம ஊர் டிராக்டர் பெட்டி மாதிரி, பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும்.

அதை மாட்டுவதே ஒரு பெரிய வேலை. டிரக்கை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்து, அதன் இரும்புக் குண்டின்மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கிப் பூட்ட வேண்டும். அப்புறம் இரண்டு சங்கிலி, மின்சார ஒயர், எடையைச் சமன் செய்யும் கம்பிகள். பிறகு ஒருவர் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ரிவர்ஸ் எடுப்பது அதைவிடப் பாடு. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். இதெல்லாம் மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். மகள் அந்த ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

முதல் பயணம் தெற்கே ஸ்மோக்கி மலைக்கு. காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஆகிவிடும் தூரம். குளியலறை பின்னாலேயே வருகிறது. ஆனால் ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது, அங்கே அது சட்டம். எல்லாரும் டிரக்கில்தான். இரண்டும் சேர்ந்து 45 அடிக்கு மேல். நினைத்த இடத்தில் ஓரம் கட்ட முடியாது. லாரிகள் நிற்கும் இடமாகத் தேடித்தான் போக வேண்டும்.

எனக்குச் சர்க்கரை. அடிக்கடி போக வேண்டி வரும். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஒருமுறை மகள் காதில் சொல்லி நிறுத்த வைத்தேன். உள்ளே நுழைந்து, திரும்பி, மறுபடி சாலையில் ஏறுவதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு குடிப்பதுபோல உதட்டில் வைத்து எடுப்பேன். இரண்டாம் நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல். ஊர் சுற்ற வந்த இடத்தில் மகள் என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரைத் தேடி அலைந்தாள்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. 81-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகள் அதிகம். ஒரு பெரிய லாரி எங்களை வேகமாகத் தாண்டியபோது, அதன் காற்றில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. இப்படியும் அப்படியுமாக டிரக்கையே சேர்த்து இழுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை டிரக் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லருக்கென்று தனியாக இருக்கும் பிரேக்கைக் கையால் மெல்ல அழுத்தினார். ஆட்டம் அடங்கியது. "ஒண்ணுமில்ல அத்தை, காத்துதான்" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரணத்தைப் பிறகு மகள் சொன்னாள். டிரெய்லரின் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு முன்பக்கக் கொக்கியில் அழுந்த வேண்டும். பின்னால் பாரம் கூடினால் வால் ஆடும். பின் அலமாரியில் அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் தண்ணீர் கேன்களையும் அடுக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் டீச்சர்தான்.

இந்த முறை போனபோது டிரெய்லரும் டிரக்கும் இல்லை. இரண்டையும் விற்றுவிட்டு, யாரோ ஓட்டிய ஒரு மோட்டார் ஹோம் வாங்கியிருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலேயும் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை. வண்டியும் வீடும் ஒன்றே. சாதாரண ஓட்டுநர் உரிமம் போதும். மகளே ஓட்டுகிறாள்! நாங்கள் பெல்ட் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைப் பக்கம் உட்கார்ந்துகொள்வோம். நிறுத்தினால் நாலு எட்டில் குளியலறை. மழையில் போய் இறங்கினாலும் நனையாமல் காபி போடலாம்.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு, பத்து மைல்தான் போகிறது. இன்ஜின் கெட்டால் வண்டியோடு வீடும் மெக்கானிக்கிடம் போய்விடும். டிரெய்லர் என்றால் முகாமில் கழற்றி விட்டுவிட்டு டிரக்கில் ஊர் சுற்றலாம். இப்போது பால் வாங்கப் போகக்கூட வீட்டையே கிளப்ப வேண்டும். கழுவிய டம்ளர், காயப்போட்ட துண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அலமாரிக் கதவுகளைப் பூட்ட வேண்டும். ஒரு நாள் நான் பூட்ட மறந்துவிட்டேன். முதல் வளைவிலேயே எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் கீழே உருண்டு பேரப்பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போனோம். மலை முகட்டின்மேலேயே 105 மைல் போகிறது ஸ்கைலைன் டிரைவ் என்ற சாலை. மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது. வழியில் மேரிஸ் ராக் என்ற இடத்தில் பாறையைக் குடைந்த குகைப்பாதை. உயரம் 12 அடி 8 அங்குலம். எங்கள் வண்டி அதைவிடக் குறைவுதான் என்று தெரிந்தும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம்!

அன்று இரவு பிக் மெடோஸ் முகாமில் தங்கினோம். அங்கே வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. பிள்ளைகள் தூங்கியபின் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மான்கள் பயமில்லாமல் பக்கத்திலேயே மேய்ந்தன. "நல்லா இருந்த டிரெய்லரை ஏன் மாப்பிள்ளை வித்தீங்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பயம் மாமா. அந்த லாரி தாண்டின நாள்லேருந்து கிளம்புறதுக்கு முதல் ராத்திரி தூக்கமே வராது. அன்னிக்கு ஒண்ணுமில்லேன்னு சொன்னேன், ஆனா கை நடுங்கிட்டு இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் பின்னாடி உட்கார்ந்திருக்கீங்க, எப்படிச் சொல்றது? ரெண்டு வருஷம் இவகிட்டேகூடச் சொல்லலே" என்றார்.

நானும் என் தண்ணீர் பாட்டில் கதையைச் சொன்னேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே அத்தை" என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க பஸ்ஸிலேயே போயிருப்போமே" என்றேன். ஒரே வண்டியில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவருமே மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறோம்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

அன்று படுத்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினான். "இப்பத்தானே இடைவேளை விட்டேன், உட்காரு" என்றேன். பாடம் பாதியில் நின்றுவிடும், ஒருவனை விட்டால் பத்துப் பேர் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவன் மறுபடி கேட்கவில்லை. சற்று நேரத்தில் பெஞ்சுக்குக் கீழே ஈரம். வகுப்பே சிரித்தது. நான் அவர்களை அதட்டினேனே தவிர, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பின் ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துப் பாஸ் செய்தவள்தான் நான். கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அறுபது வயதுக்கு மேல், அந்த டிரக்கின் பின்சீட்டில்தான் தெரிந்தது. அவனாவது என்னைப் போலில்லாமல் ஒருமுறை கேட்டான்.

அவன் இதைப் படிக்கிறானா தெரியாது. பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இங்கே எழுத மாட்டேன். படித்தால், டீச்சரை மன்னித்துவிடுப்பா.

உங்களில் ஏழெட்டுப் பேர் இப்போது ஆசிரியர்கள். ஒரு பிள்ளை சுண்டுவிரலைத் தூக்கினால் அனுப்பிவிடுங்கள். பாடம் எங்கேயும் ஓடிவிடாது. மற்றவர்கள், வயதானவர்களை வண்டியில் கூட்டிப்போகும்போது அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களாகவே நிறுத்தி, "காலை நீட்டிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

மோட்டார் ஹோம் உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு நாளை படம் போடுகிறேன். டம்ளர்களை அடுக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்