மந்தணக் கோப்பில் ஒரு வரி

வானம் தெளிந்த நாட்களில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ஏவூர்தியின் சுடரைப் பிச்சாட்டூர் மொட்டைமாடிகளிலிருந்து வடகிழக்கே காணலாம். அச்சுடரைப் பார்த்து வளர்ந்த முதுகலை மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு சிறுகதை எழுதினான். கதையின் வடிவம் ஓர் அரசுக் கோப்பு. காதங்கியில் இருக்கும் வளிமண்டல ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. மேலடுக்குக் காற்றோட்டங்களை அளப்பது. அக்கருவி விளக்கவியலாத ஓர் எதிரொலியைப் பதிவு செய்ததாகவும், பதிவை அழிக்குமாறு தலைமையிடத்து ஆணை வந்ததாகவும் அவன் புனைந்திருந்தான். பொருள், பார்வை, நகல் பெறுநர், 'மந்தணம்' என்ற முத்திரை யாவும் முறைப்படி இருந்தன. (விண்வெளித் துறையின் கோப்பு தமிழில் இராது என்பதொன்றே அதைக் கதையென்று காட்டிக்கொடுத்தது. அதுவும் ஒரு நாணயம்தான்.)

அவனுடைய ஆசிரியை அமெரிக்காவின் 'மெஜஸ்டிக் 12' தாள்களைப் படிக்கச் சொன்னார். வேற்றுலக ஊர்தியின் சிதைவுகளை அரசு மறைத்ததாகக் கூறும் அத்தாள்கள், 1984 டிசம்பரில் படச்சுருளாக ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளருக்கு அஞ்சலில் வந்தவை. அவற்றிலிருந்த ட்ரூமனின் கையொப்பம், அவர் 1947 அக்டோபர் 1 அன்று எழுதிய உண்மைக் கடிதமொன்றின் கையொப்பத்தோடு கோட்டுக்குக் கோடு பொருந்தியது. எவரும் இருமுறை அச்சு அசலாக ஒப்பமிடுவதில்லை. எஃப்.பி.ஐ. தன் பிரதியில் 'போலி' எனப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தது.

மாணவன் இதிலிருந்து கற்றது தவறான பாடம். தன் கோப்பை இன்னும் பிசிறின்றித் திருத்தினான், ஒப்பங்களை வேறுபடுத்தினான், தேதிகளைச் சரிபார்த்தான்.

அடுத்து அவர் தந்தது நம் நாட்டு வழக்கு. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன், இஸ்ரோவில் கிரையோஜெனிக் திட்டத்தின் பொறுப்பிலிருந்தபோது 1994 நவம்பர் 30 அன்று கைதானார். ஏவூர்தி நுட்பத்தின் மறைபொருள்களை விற்றார் என்பது குற்றச்சாட்டு. அப்போது அந்த என்ஜினைச் செய்யும் நுட்பமே இந்தியாவிடம் இல்லை. உள்நாட்டுக் கிரையோஜெனிக் என்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்றுதான். ஐம்பது நாள் சிறை. குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என 1996இல் சி.பி.ஐ. அறிக்கை தந்தது. கைது தேவையற்றது என்று உச்ச நீதிமன்றம் கூறி, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தபோது 2018 செப்டம்பர் 14 ஆகியிருந்தது. அதே வழக்கில் சிக்கிய கே. சந்திரசேகர் அந்தத் தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் இறந்துபோனார்.

இங்கே கள்ள முத்திரையோ ஒட்டுக் கையொப்பமோ தேவைப்படவில்லை. தாளும் மெய், ஒப்பமும் மெய், அலுவலகமும் மெய். உள்ளே இருந்த செய்தி மட்டுமே பொய். அமெரிக்கத் தாள்களைப் பிடித்த உத்திகள் எவையும் இதன்முன் செல்லா.

மாணவனின் கோப்பில் நான்காம் பத்தியில் ஒரு வரி உண்டு: 'சம்பந்தப்பட்ட அறிவியலாளர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார்.' நடைக்காகச் சேர்த்த வரி. கதையில் அந்த அறிவியலாளருக்குப் பெயர்கூட இல்லை. அவன் இப்போது மற்ற பத்திகளை ஒதுக்கிவிட்டு, அந்த வரியை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறான். கதவு தட்டப்பட்டது எத்தனை மணிக்கு, வீட்டில் அப்போது யார் இருந்தார்கள், அடுப்பில் என்ன இருந்தது என்று.