ஜீப்பின் டயரும் நம் பயணமும்

இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு வரும் நம்மவர் பலர், விடியுமுன்னே கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப் ஏறுகின்றனர். குமுளி வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ மலையேறி, மாலையில் அவ்வழியே இறங்குகின்றனர். அத்தனை உயிரையும் சாலையோடு பிடித்து நிறுத்துவது சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அகல ரப்பர்தான். ஆகவே டயரைப் பற்றி ஓட்டுநர் மட்டும் அறிந்தாற் போதாது. ஏறி அமர்பவரும் அறிதல் வேண்டும் என்பது இச்சாலையில் ஜீப் ஓட்டிய என் கருத்து.

காற்றை, டயர் குளிர்ந்திருக்கும் விடியற்காலையிலேயே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கினால் மறுநாட் காலை டயர் தளர்ந்து கிடக்கும். கடைகளிலுள்ள அளவுமானி பலர் கையில் அடிபட்டது. சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வது மேல்.

டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நம் ஜீப்புகளில் நான் பெரிதும் கண்டது இரண்டாவதே. ஆளை ஏற்றுவதில் காட்டும் ஊக்கம் காற்றடிப்பதில் இருப்பதில்லை! டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அம்மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. தென்மேற்குப் பருவமழையில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்னரே மாற்றுதல் நலம். பக்கச்சுவர் புடைத்திருந்தால் உள்ளிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். எந்த ஒட்டும் உதவாது. பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பழையதைப் புதிதென்று விற்பவரிடம் இவ்விலக்கத்தைக் காட்டலாம்.

கருவிகளில் ஆடம்பரம் வேண்டா. நல்ல ஜாக்கி, சிலுவை வடிவ ஸ்பேனர், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டை, ஒரு தடித்த பலகை போதும். மழையில் நனைந்த மண்ணில் ஜாக்கி புதையும், பலகை அதற்காகவே. குட்டை ஸ்பேனரை வாங்காதீர்கள். துருவேறிய நட்டு அதற்கு அசையாது. வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு தூக்க வேண்டும். முடுக்கும்போது எதிரெதிர் நட்டுகளாக முடுக்கி, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் பார்த்தல் அவசியம்.

மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். அது வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத் தெரு ஒன்றின் பெயர்; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றனர். தெருவின் பெயர் நம் மலைவரை வந்துவிட்டது. ஆனால் ஸ்டெப்னியோ பல வண்டிகளில் மொட்டையாகவே கிடக்கிறது.

ஒருமுறை முதிய அம்மையார் ஒருவர், எங்கள் வரிசையில் நின்ற வேறொரு வண்டியின் புடைத்த டயரைக் கண்டு ஏற மறுத்தார். மற்றப் பெண்களும் இறங்கிவிட்டனர். வேறு சக்கரம் மாட்டிய பின்னரே வண்டி புறப்பட்டது. அன்று தோட்டத்தில் அவர்களுக்கு அரைநாட் கூலி பிடித்தார்கள். மறுநாளும் அவ்வம்மையார் நான்கு டயரையும் சுற்றிப் பார்த்த பின்னரே ஏறினார்.