வைத்திருப்பவன் வார்த்தை

ஒரு பொருளைப் பற்றி மூன்று பேர் அபிப்ராயம் சொல்லக்கூடும்: விற்றவன், விமர்சகன், வைத்திருப்பவன். இலக்கியத்தில் முதல் இருவரின் சண்டைதான் நமக்குப் பழக்கம். ஒருவன் விற்பனையைக் காட்டுவான், மற்றவன் தரத்தைக் காட்டுவான். மூன்றாமவனை யாரும் விசாரிப்பதில்லை. இதை யோசிக்க எனக்கு உதவியது ஓர் அமெரிக்கக் கார்.

போன்டியாக் ஜி.டி.ஓ., 1964ம் வருஷத்து மாடல். அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்று சொல்லும் வகையின் ஆரம்பமாகப் பலர் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். நடுத்தரக் காரில் பெரிய காரின் எஞ்சினை வைப்பது, அவ்வளவுதான் யோசனை. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. ஜான் டிலோரியனும் சகாக்களும் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக்காமல், டெம்பஸ்ட் லெ மான்ஸ் காருக்குச் சுமார் 300 டாலர் கூடக் கொடுத்து வாங்கும் ஆப்ஷனாக்கி விதியைக் கடந்தார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். விற்பனைத் தலைமை 5,000 கார்களுக்குத்தான் முதலில் சம்மதித்தது. முதல் வருஷமே 32,450 விற்றது, 1966ல் 96,946.

விற்றவன் கணக்கு இப்படிப் பொய்த்தது. விமர்சகன் கதை இன்னும் மோசம். 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை இதை ஃபெராரியோடு ஒப்பிட்டு, வேகத்தை வியந்து எழுதிற்று. சோதனைக்குத் தந்த காரில் இருந்தது 421 கன அங்குல எஞ்சின் என்று போன்டியாக்கின் விளம்பரக்காரர் ஜிம் வாங்கர்ஸே பல வருஷங்கள் கழித்து வெளியிட்டார். விமர்சகன் புகழ்ந்தது கடையில் கிடைக்காத ஒரு காரை.

மிஞ்சுகிறவன் வைத்திருப்பவன். 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' 1950களிலும் 60களிலும் கார் சொந்தக்காரர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பிடித்தது என்ன, குறை என்ன என்று சதவீதத்தோடு வெளியிட்டு வந்தது. நடைபாதைக் கடையில் கிடைத்த அதன் பழைய இதழ்களை நான் வாசித்தது விமர்சனக் கட்டுரைகளாகத்தான். கலகலக்கும் சத்தம், மழைநீர்க் கசிவு, பெட்ரோல் செலவு — வேறெங்கும் அச்சேறாத விஷயங்கள். ஜி.டி.ஓ.வுக்கு 1967 வரை நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். டிஸ்க் பிரேக் அந்த வருஷம்தான் ஆப்ஷனாக வந்தது. அந்த வேகத்தை நிறுத்த அது போதுமா என்பது விளம்பரத்துக்குத் தெரியாது. வைத்திருப்பவனின் வலது காலுக்குத் தெரியும்.

அவனும் சார்புடையவன்தான் என்ற ஆட்சேபம் நியாயமே. வங்கியில் கார்க் கடன் மேஜையில் இருப்பவன் நான். தவணை முடியும்வரை தன் காரைக் குறை சொல்கிறவர்களை அதிகம் பார்த்ததில்லை. காரைப் புகழும்போது மனிதன் தன் கையெழுத்துக்கு வக்காலத்து வாங்குகிறான். ஆகவே அவன் புகழ்ச்சியைத் தள்ளிவிடலாம். ஆனால் குறை? அது தனக்கெதிராகத் தானே சொல்லும் சாட்சி. அதைவிட நம்பகமான விமர்சனம் எனக்குத் தெரியாது.

பிறகு இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறிற்று; 1971ல் எஞ்சினின் வீரியம் குறைக்கப்பட்டது. 1970ல் 40,149ஆக இருந்த விற்பனை 1971ல் 10,532. 1974ல் கார் நின்றது. இன்று பழைய ஜி.டி.ஓ. சேகரிப்பாளர்களின் சொத்து. ஆப்ஷனாகப் பிறந்ததால் 1964, 65 கார்களின் அடையாள எண்ணில் ஜி.டி.ஓ. என்பதற்குத் தடயமே கிடையாது. சாதாரண லெ மான்ஸை மாற்றி ஜி.டி.ஓ. என்று விற்க முடிகிறது. அசலை நிரூபிக்கத் தொழிற்சாலைப் பதிவுக் காகிதம் வேண்டும். பிரேக்கைப் பற்றிய கேள்வி போய், காகிதத்தைப் பற்றிய கேள்வி வந்துவிட்டது. கிளாசிக் ஆவது என்றால் இதுதான் போலும்.

நம் பத்திரிகைகளில் 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று போடுகிறோம். அந்தப் பிரதிகளில் 421 எஞ்சின் எதுவும் இல்லைதான். ஆனால் நட்பு இருக்கிறது, கடிதம் இருக்கிறது, முன்னுரை இருக்கிறது. ஒரு கவிதைத் தொகுப்பைப் பத்து வருஷம் கூடவே வைத்திருந்து, எந்தப் பக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று அறிந்தவன் நமக்கு எழுதுவதில்லை. நாமும் அவனைக் கேட்பதில்லை. இனி நான் மதிப்புரை எழுதும் புத்தகம் நான் காசு கொடுத்து வாங்கியதாகவும், குறைந்தது ஒரு வருஷம் என்னோடு இருந்ததாகவும் இருக்கும். ஆசிரியர் அவசரப்படுத்தினால் பக்கத்தைக் காலியாக விடட்டும்.